ஒட்டுகிற வருத்தம்

நோன்பு திறக்கிற நேரம் ஸஹ்றா தன் தங்கை றஸ்னாவிடம் தனிப் பீங்கான் தட்டு ஒன்றை நீட்டினாள். மற்றவர்கள் எல்லோரும் சஹனைச் சுற்றி இருந்து, அந்த ஒரே பெரிய தட்டில் கைபோட்டுத் தின்றார்கள். றஸ்னாவுக்கு மனம் விட்டுப்போனது. வாயிலிருந்ததைப் பறித்துத் தின்று வளர்ந்த இரண்டு பேர்!

காரணம் றஸ்னாவின் தோல். தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து போன கையோடு, உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள் கிளம்பிச் செதில் உதிர்ந்தன. சாய்ந்தமருதில் வைத்தியம் தெரியாதவர்களுக்கும் தீர்ப்புச் சொல்லத் தெரியும். ஒட்டுகிற வருத்தம், தொட்டால் தொற்றும் நோய் என்றார்கள்.

கல்முனைத் தோல் டொக்டர் வேறு கதை சொன்னார். "இது சொரியாசிஸ். தொண்டைக் கிருமியோட சண்டை பிடிக்கப் போன உடம்பு, சொந்தத் தோலையும் சேத்து அடிக்குது. தோல் ஆருக்கும் ஒட்டாது. தொண்டை நோவுதான் ஒட்டும். திரும்ப நொந்தா உடன வாங்க."

றஸ்னா இதை ராத்தா ஸஹ்றாவிடம் போய்ச் சொல்லவில்லை. ரோசம். ஆனால் ஏக்கம் ரோசத்துக்கு அடங்குகிற சாமானா? பக்கத்து வளவில் ராத்தாவின் குரல் கேட்கும்போதெல்லாம் வேலியோரம் போய் நின்றாள்.

கடைசியில் றஸ்னாவின் புருசன் ஹாதிக்தான் போய் டொக்டர் சொன்னதைச் சொன்னான். ராத்தாவின் மகள் இன்ஷிராவின் கலியாணத்தன்று, சனம் நிறைந்த வீட்டில் ஸஹ்றா வந்து, புள்ளி விழுந்த அந்தக் கையையே பிடித்து இழுத்தாள்.

"வாகா, எனக்குப் பக்கத்துல இரி. நான் மடச்சி, ஒன்ன ஒதுக்கிட்டன். நீ இல்லாம எனக்கென்ன சோறு?"

இந்தச் சொல்லுக்காகத்தானே றஸ்னா இத்தனை மாதம் தவம் கிடந்தாள்! ஆனால் காலையிலிருந்து அவளுக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. சஹனுக்கு அந்தப் பக்கம் புதுப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, எனக்குத் தொண்டை நோகுது. தோல் ஒட்டாது, இது ஒட்டும். கலியாணப் புள்ளக்கு வந்திரும்."

"இன்னும் கோவமாகா?"

"அல்லாஹ்க்காக இல்ல. நான் டொக்டர்ட்டப் போறன்."

ஸஹ்றா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை விட்டாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு றஸ்னா திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டுக்கு இடமில்லாமல் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி வந்து ஸஹ்றாவுக்குப் பக்கத்தில் குந்தப் போனாள்.

"அதுல ஆள் இரிக்கி," என்றாள் ஸஹ்றா.