இடமிருந்து வலம்

மெழுகுவர்த்தியை அப்பாவின் விரல்களுக்குள் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள் யெலிட்சா. செர்பியனாகப் பிறந்தவன் கையில் வெளிச்சமில்லாமல் சாகக்கூடாது என்று அத்தை மிலேவா சொல்லிவிட்டாள். மதியம் தாண்டாது என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார். வாசல் கேட்டுக்கு வெளியே யெலிட்சாவின் கணவன் இம்ரே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் ஹங்கேரியன். பத்தொன்பது வருஷமாக மாமனார் வீட்டில் அவனுக்கு அனுமதி அந்தக் கேட்டுவரைதான்.

"அப்பா, இம்ரே வந்திருக்காருப்பா. ஒரே ஒரு தடவை உள்ள வரட்டுமே."

அப்பா லாசர் கண் திறக்கவில்லை. நல்லா இருந்த காலத்திலேயே இந்தப் பேச்சை எடுத்தால் எரிந்து விழுவார், அந்தப் பாஷை என் படியேறக் கூடாது என்று. சாகும்போதாவது மனசு இறங்கும் என்று அவள் நம்பியிருந்தாள்.

சட்டென்று அவர் கையை உருவிக்கொண்டார். சிலுவை போட்டுக்கொண்டார். செர்பியர்கள் போடுவதுபோல் மூன்று விரலைக் குவித்து வலமிருந்து இடமாக அல்ல, விரித்த உள்ளங்கையால். நெற்றி, மார்பு, முதலில் இடது தோள், பிறகு வலது. ஹங்கேரியர்கள் கோயிலில் போடுகிற மாதிரி. பிறகு சுத்தமான ஹங்கேரிய மொழியில், சின்னப் பிள்ளைக் குரலில் சொன்னார்.

"அம்மா, கதவத் தொறக்காதம்மா."

அதோடு மூச்சு நின்றது.

யெலிட்சா அத்தை பக்கம் திரும்பினாள்.

"அத்தை... அப்பாவுக்கு எப்படி இந்தப் பாஷை?"

அத்தை தம்பியின் கண்களை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவன் என் கூடப் பொறந்தவன் இல்லடி. உலகச் சண்டையில ஹங்கேரிப் பட்டாளம் வந்து நம்மளச் சுட்டுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு நம்ம முறை வந்துச்சு. நம்மாளுங்க பக்கத்து ஹங்கேரியத் தெருவுல பூந்தாங்க. இவனப் பெத்தவ கதவத் தொறந்துட்டா. எங்கம்மாதான் கோழிக்கூட்டுலேர்ந்து இவனத் தூக்கிட்டு வந்தா. அஞ்சு வயசு. வாயத் தொறந்தா செத்தேன்னு சொல்லி வச்சா. ஒரு வருஷம் தொறக்கல."

"அப்பாவுக்கு அதெல்லாம் ஞாபகம் இருந்துச்சா?"

"இல்லாமலா அந்தக் கத்துக் கத்துனான்?"

"அவரோட நெசப் பேரு?"

"அம்மா கேக்கவே இல்ல. கேட்டா வாய் தவறிக் கூப்பிட்ருவோம்னா."

யெலிட்சா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கோபம்தான் முதலில் வந்தது. "பாவி மனுஷா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

எழுந்துபோய்க் கேட்டைத் திறந்து, இம்ரேயின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். நடந்துவரும்போதே அத்தனையும் சொன்னாள். அவன் கட்டிலருகே மண்டியிட்டு, தன் ஜனங்கள் இறந்தவர்களுக்குச் சொல்லும் ஜெபத்தை ஹங்கேரிய மொழியில் முணுமுணுத்தான். அந்தத் தெருவில் வாயை மூடிப் பழகியவன். உதடு மட்டும்தான் அசைந்தது.

"சத்தமாச் சொல்லு மாப்பிள்ளை," என்றாள் அத்தை. "அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

இம்ரே குரலை உயர்த்தினான். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டார்கள்.