ஏழாம் எண் கிணறும் ஒரு சதவீதக் கணக்கும்

டாக்டர் பார்த்திபன் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், அது முடிவதற்குள் காபி ஆறிவிடும். மாமல்லபுரம் கடற்கரை ஓட்டலின் ஏசி அரங்கில் அன்று அப்படியொரு வாக்கியத்தின் நடுவில்தான் இருந்தார். அவருடைய நிறுவனம் ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, செய்யூர்ப் பக்கம் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் செலுத்திப் புதைக்கிறது. பத்து நாள் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. பகல் பன்னிரண்டுக்கு மேடையிலிருக்கும் பச்சைப் பொத்தானை அவர் தொட்டால், வாயு பத்து மடங்கு வேகத்தில் இறங்கும்.

திரையில் கொட்டை எழுத்து: ‘ஆயிரம் ஆண்டுகளில் கசிவு வாய்ப்பு 0.0003 சதவீதம்.’ அந்த எண்ணைக் கணித்தவன், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நிறுவனப் பொறியாளன் ஃபர்தீன். இரண்டு வருட உழைப்பு. அதைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க முடியவில்லையே என்பது மட்டும்தான் அவனுக்குக் குறை.

கதவு உதைபட்டுத் திறந்தது. உள்ளே வந்த செங்கம்மாளின் தோளில் ஒரு செத்த வெள்ளாடு. பின்னால், குட்டியானை வண்டியில் வந்து இறங்கிய செய்யூர்க்காரர்கள் இருபது பேர். அவள் வீசிய வீச்சில் பூங்கொத்துகள் சிதற, ஆடு பார்த்திபன் மேசைமேல் வந்து விழுந்தது.

“பள்ளத்துல மேயப் போன மூணு ஆடு, மேல ஒரு கீறல் இல்லாம செத்துக் கெடக்குது. தூக்க எறங்குன எம் புருஷன் தனகோடி ஆஸ்பத்திரில மூச்சு முட்டிகினு கீறான். இன்னாடா உட்டீங்க எங்க மண்ணுக்குள்ள?”

“அம்மா, சர்ப்பம் போன்ற உயிரியல் காரணிகளையும் நாம் கருத்தில்...”

“பாம்பு கியூவுல நின்னு கடிச்சுதா?”

ஓட்டல் காவலர்கள் அவள் தலைமுடியைப் பற்றி இழுத்தார்கள். அத்தோடு கருத்துக்கேட்பு முடிந்து சண்டை தொடங்கியது. நாற்காலிகள் பறந்தன. ஒரு காவலனின் முன்பல் முந்திரித் தட்டில் போய் விழுந்தது. மக்கள் தொடர்பு அதிகாரி திரைக்குப் பின்னால் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார்.

ஃபர்தீன் தவழ்ந்தே அவளிடம் போனான். “எந்தப் பள்ளம்மா?”

“அந்தக் காலத்துல எண்ணெய் கீதான்னு பாக்கத் தோண்டுனாங்களே, அந்தக் கெணத்தாண்ட. சுத்தி நாப்பது வூடு கீது, நைனா.”

ஏழாம் எண் கிணறு. “அது சிமெண்ட் ஊத்தி அடைச்சதாச்சே?”

“சிமிட்டியா? அடைக்க வந்த லோடு பூரா மாரியாத்தா கோயில் தரையாயிடுச்சி. ஓட்டைல கோணியத் திணிச்சி மண்ணைப் போட்டோம். பாக்க வந்த ஆபீசரு ஆடிக் கூழு ரெண்டு சொம்பு குடிச்சிட்டு, கோயில்லயே கையெழுத்து போட்டுட்டுப் போய்ட்டாரு.”

ஃபர்தீனின் அட்டவணையில் அந்தக் கிணற்றுக்கு நேரே ஒரே சொல்: ‘அடைக்கப்பட்டது.’ மொத்தக் கணக்கும் அதன் தலையில்தான் நின்றது.

மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. நெற்றியில் ரத்தம் வழிய, ஆட்டைத் தாண்டிப் பொத்தானை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தார் பார்த்திபன். நிகழ்ச்சி நிரல் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

பிறந்ததிலிருந்து யாரையும் அடித்தறியாத ஃபர்தீன், மேடையிலிருந்த பித்தளை நினைவுப் பரிசை எடுத்து அவர் முகத்தில் இறக்கினான். மூக்கெலும்பு உடைந்த சத்தத்தை மைக் அரங்கு முழுக்கப் பரப்பியது. கீழே விழுந்தவரின் முதுகில் ஏறி உட்கார்ந்து, கையைப் பின்பக்கம் முறுக்கிக்கொண்டு, செய்யூர்த் தளத்துக்குப் போன் போட்டான்.

“ஜெபா, வால்வ மூடு! ஏழாம் கெணறு லீக்காவுது!”

“டைரக்டர் வாயால சொல்லணும் சார். அதான் ரூலு.”

இரண்டு காவலர்கள் அவன் விலாவில் மாறி மாறி உதைத்தார்கள். கையை விடாமல், போனைப் பார்த்திபன் வாயருகே வைத்தான்.

“இடர் மேலாண்மை நெறிமுறைகளின் அடிப்படையில், தற்காலிகமாக ஒரு மறுபரிசீலனையை...”

ஃபர்தீன் முறுக்கினான். தோள்மூட்டு கழன்றது.

“மூடு! மூடித் தொலை!”

பார்த்திபன் பேசியதிலேயே எல்லோருக்கும் புரிந்த வாக்கியம் அதுதான்.

“மூடிட்டேன் சார்,” என்றாள் ஜெபா.

ஃபர்தீன் ரத்தத்தைத் துப்பிவிட்டுப் போனைச் செங்கம்மாளிடம் நீட்டினான். “உள்ள போனது இன்னும் வந்துகினேதாம்மா இருக்கும். காத்தவிடக் கனமான வாயு, பள்ளத்துலதான் தேங்கும். ஊருக்குப் போடு. பள்ளத்தாண்ட ஒருத்தரும் நிக்கக் கூடாது, எல்லாம் மேட்டுக்குப் போவட்டும்.”

அவள் ஒரு காவலனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றியபடியே எண்களை அழுத்தத் தொடங்கினாள்.