அம்மா அறைக்கு வந்த சிக்னல்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் கைப்பேசி சிக்னல் என்பது குதிரைக் கொம்பு. சுவர் அவ்வளவு தடிமன். ஜன்னலில் வெயில் தடுக்கும் கண்ணாடி வேறு. எங்கள் தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில், அதுவும் சுவரை ஒட்டி நின்றால்தான் பேச்சு அறுபடாமல் கேட்கும். முட்டி வலி என்று சாப்பாட்டு மேசைக்குக்கூட வராத என் அம்மா, தங்கை அழைக்கும் நேரம் வந்தால் அங்கே போய் நின்றுவிடுவாள்.

தட்டை அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவள் நான். மாத்திரை எடுத்து வைப்பதும் கால் அமுக்கிவிடுவதும் நான். தலையில் தூக்கி வைத்து ஆடுவது மட்டும் தங்கை குட்டியை. எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு அவள் செய்வதெல்லாம் "எப்படிம்மா இருக்க?" என்று கேட்பதுதான். அதற்கே அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோவாள். எனக்கு வயிறு எரியும். குரலைத் தவிர எனக்கும் குட்டிக்கும் எதிலும் ஒற்றுமை கிடையாது. ஃபோனில் பேசினால் இருவரில் யார் என்று அப்பாவுக்கே தெரியாது.

கடைசியில் குடியிருப்போர் சங்கம் கட்டடத்துக்குள்ளேயே ஆன்டெனா போட முடிவெடுத்தது. மொட்டை மாடியில் ஒரு பெரிய ஆன்டெனா வெளியே இருக்கும் சிக்னலைப் பிடிக்கும். அது கேபிள் வழியாக இறங்கி, ஒவ்வொரு தளத்துக் கூரையிலும் இருக்கும் சின்னச் சின்ன வெள்ளை ஆன்டெனாக்களுக்குப் பிரிந்து போகும். பார்க்கக் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருந்தன. பொருத்த வந்தவர் ஒரு கருவியோடு வீடு வீடாக நடந்து, எங்கே சிக்னல் குறைகிறது என்று பார்த்தார்.

அம்மாவின் அறையில் கருவியை நீட்டிப் பார்த்துவிட்டு, "இங்கதான் சுத்தமா இல்ல. இந்த வாசலுக்கு மேலயே ஒண்ணு வச்சிடறேன்" என்றார்.

"அங்க வேண்டாங்க. சமையல்கட்டுப் பக்கம் வைங்களேன்."

"ஏன் மேடம்?"

ஏனென்றால், அவள் கட்டிலில் படுத்தபடியே நாள் முழுக்கக் குட்டியைக் கொஞ்சுவாள், நான் அதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்க்க வேண்டும். லிஃப்ட் வரை போனால் அந்தக் கண்றாவி என் காதிலாவது விழாது. "அம்மாவுக்குத் தூக்கம் கெடும்" என்றேன்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "அவ கிடக்கறா தம்பி. நீ இங்கயே வைப்பா. நான் தூங்கி என்ன ஆகப் போகுது?"

வைத்துவிட்டுப் போனார். சிக்னல் வந்த அன்றைக்கே குட்டி அழைத்தாள். "படுத்துக்கிட்டே பேசறேன்டி குட்டிம்மா! நீ பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு. இனிமே எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்று அம்மா பூரித்தாள். நான் வேண்டுமென்றே பாத்திரங்களை டமடமவென்று கவிழ்த்தேன்.

அதோடு குட்டியின் அழைப்பு குறைந்தது. முன்பு அம்மா லிஃப்ட் பக்கத்தில் காத்து நிற்பாளே என்று நேரம் தவறாமல் கூப்பிடுவாள். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று ஆனதும் நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று போய்விட்டது போலிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் எனக்குக் குளுகுளுவென்றிருந்தது. "என்ன, உன் செல்ல மக கூப்பிடலையா?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"சிக்னல் சரியில்லடி."

பழையபடி லிஃப்ட் பக்கம் போய் நிற்கத் தொடங்கினாள். அங்கேயும் ஃபோன் அடிக்கவில்லை. "அந்த ஆன்டெனாக்காரனக் கூப்பிடு, என்ன பண்ணித் தொலைச்சான்னு கேளு" என்று என்னைப் பிடுங்கி எடுத்தாள்.

அவர் வந்து அறையில் கருவியை வைத்துப் பார்த்தார். "இந்த மாடியிலேயே இங்கதாம்மா நல்லா வருது."

"அப்ப ஏன் ஃபோன் வரல?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எதுக்கும் கீழ சிக்னலப் பிரிச்சு அனுப்பற பெட்டியப் பாத்துட்டு வரேன். நீங்க லிஃப்ட் பக்கம் நின்னு அம்மாவுக்கு ஒரு கால் போட்டுப் பாருங்க" என்று வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

அழைத்தேன். ஒரு மணிகூட முழுதாக அடிக்கவில்லை, அம்மா எடுத்துவிட்டாள். யார் என்று பார்க்க அம்மாவுக்குக் கண்ணாடி வேண்டும். அதைத் தேடப் பொறுமை இல்லை.

"குட்டிம்மா! சாப்பிட்டியாடா தங்கம்?"

மூன்று வேளையும் அவளுக்குத் தட்டு வைக்கிறேன். நீ சாப்பிட்டாயா என்று ஒரு நாள் என்னைக் கேட்டதில்லை. நான்தான்மா, பெரியவ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"சாப்பிட்டேன்மா."

"குரல் ஏன் கம்மியிருக்கு? அக்கா ஏதாச்சும் ஃபோன் பண்ணித் திட்டினாளா?"

"இல்லம்மா. அக்கா உன்ன நல்லா பாத்துக்கறாளா?"

"அவளுக்கென்ன, அவ இங்கதான இருக்கா. நீ உன்னப் பத்திச் சொல்லு."

லிஃப்ட் திறந்தது. ஆன்டெனாக்காரர் வெளியே வந்து, "தெளிவா கேக்குதா மேடம்?" என்று சைகையில் கேட்டார். தலையாட்டினேன். ஃபோனை வைத்துவிடலாம் என்று கை காட்டினார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"லேசா சளிம்மா" என்றேன், இன்னும் கொஞ்சம் விசாரிக்கட்டும் என்று.