ஆறாம் வருடத்துத் தொண்டை

இவாபுச்சி சார் மதுக் குப்பியைச் சாய்த்ததும் அப்பா தன் சிறு கோப்பையை இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்தார். சகாடா துறைமுகக் கிடங்கில் முப்பது வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்த கைகள். மேலாளர் ஊற்ற வந்தால் தாமாகவே எழும். புற்று வந்த உணவுக்குழாயை வெட்டியெடுத்து, இரைப்பையை மேலே இழுத்துத் தைத்தார்கள். இந்தப் பழக்கத்தை மட்டும் யாரும் வெட்டவில்லை.

"ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு வருஷம் தாண்டிட்டே! பட்டம் வாங்கிட்டப்பா நகுரா. இனி ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதே."

"எல்லாம் உங்க ஆசி சார்."

அந்த ஆசி எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரைக் கோப்பை சாக்கே அரிசி மதுவிலேயே அப்பாவின் முகம் வெந்த நண்டாகச் சிவந்ததாம். உடம்பு வேண்டாம் என்று சொன்னது. "குடிக்கக் குடிக்கப் பழகிடும்" என்றார் இவாபுச்சி சார். அப்பா பழகினார். அதை இப்போதும் வேடிக்கைக் கதையாகச் சொல்லி இருவரும் சிரித்தார்கள்.

போன வியாழக்கிழமை மருத்துவர் பேசியபோது நானும் அறையில் இருந்தேன். பழைய புற்று திரும்பவில்லை, வாழ்த்துகள் என்றார். ஆனால் இத்தனை வருடக் குடி தொட்ட தொண்டையில் புதிதாக இன்னொன்று முளைக்கலாம். அதற்கு ஐந்து வருடக் கணக்கு கிடையாது. வருடந்தோறும் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும், முடிவே இல்லாமல் என்றார். தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று வெளியே வந்து செவிலியரிடம் மறுபடி கேட்டு எழுதிக்கொண்டேன். அப்பாவின் காதில் வாழ்த்துகள் மட்டும்தான் விழுந்திருந்தன.

"சார், அப்பாவுக்கு ஊத்தாதீங்க."

"ஒரு சொட்டும்மா. எறும்பு குளிக்கக்கூடப் பத்தாது."

"சொட்டுச் சொட்டாத்தான் சார் வந்துச்சு."

"சிஹாயா! வாய மூடு" என்றார் அப்பா.

"செவ்வாய்க்கிழமை ஒன்பதே காலுக்குக் கேமராவுக்கு நீங்க வாயத் திறக்கணும். வரேன்னு சொல்லுங்க, நான் மூடிக்கிறேன்."

இவாபுச்சி சார் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "பொண்ணு அம்மா மாதிரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். வாசல்வரை போய் அப்பா இடுப்பு வளைத்து மன்னிப்புக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

மேஜையில் அப்பாவின் கோப்பை ததும்பி நின்றது. நிறைந்த கோப்பையில் யாரும் மேலும் ஊற்ற மாட்டார்கள். தந்திரமாகத்தான் தொடாமல் வைத்தாரா, நான் தடுத்ததால் வைத்தாரா, தெரியவில்லை.

"முடிஞ்சுதுன்னு ஒருநாளாவது இருக்கக் கூடாதா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்து, முதுகைச் சாய்வாக வைத்தே தூங்கி, ஐந்து வருடம் கடந்தவர் அவர். நானில்லை. கோபப்பட எனக்கு என்ன உரிமை? ஆனாலும் கோபம் ஏறியது. பாத்திரங்களைச் சத்தமாகவே கழுவினேன்.

துடைக்கும் துணி எடுக்கப் போனபோது குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. கண்ணாடிக்கு முன்னால் அப்பா. ஒரு கையில் கைபேசி விளக்கு. வாயை முடிந்தவரை அகலமாகத் திறந்து, நாக்கை விரலால் அழுத்திக்கொண்டு, வெளிச்சம் எட்டாத அந்த இருட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.