நடிகர் விழுந்தபோது ஊதிய விசில்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது விமர்சகர் கண்டுபிடித்துத் தொலைப்பதற்கு முன். எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு எதிரே பிறந்தது. கூடைப்பந்து லீகின் இறுதி ஆட்டம். என் கணவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து, "இவன் கையில எவன் விசிலைக் குடுத்தான்" என்றார். திரையில் விசிலும் கையுமாக நின்றது என் தம்பி.

நடுவர்களைத் திட்டுவது என் கணவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. மச்சான் ஊதும் ஆட்டங்களில் மட்டும் என் முகத்துக்காக வாயைக் கட்டிக்கொண்டிருப்பார். அன்றைக்கு அந்தச் சலுகை முடிந்தது. அவருக்குப் பிடித்த அணி தோற்றது. தோற்கடித்தது என் தம்பியின் விசில் என்று அவர் சொன்னார், ஊரும் சொன்னது.

எனக்கும் இந்த விளையாட்டைப் பற்றி அபிப்பிராயங்கள் உண்டு. விளையாடத் தெரியாதவர்களுக்குத்தான் அது நிறைய இருக்கும் என்பான் தம்பி. இருக்கட்டுமே. பேர் பெற்ற ஆட்டக்காரன் பந்தைத் தட்டாமல் ஓர் அடி கூடுதலாக வைத்தால் யாரும் ஊதுவதில்லை. புதிதாக வந்தவன் வைத்தால் நாலு பக்கமும் ஊதுகிறார்கள். காற்று பட்டாலே உருண்டு விழுபவனுக்கு, யாரும் தடுக்காமல் கூடைக்கு எறிய வாய்ப்பு. நிஜமாகவே முழங்கையில் இடி வாங்கி நிமிர்ந்து நிற்பவனுக்கு ஒன்றுமில்லை. இதையெல்லாம் தம்பியிடமே கேட்டிருக்கிறேன். "அக்கா, நாங்க மூணு பேரு, அவங்க பத்து பேரு. ரீப்ளே மெதுவா ஓடுது, நாங்க வேகமா ஓடுறோம்" என்பான். நியாயம்தான். ஆனாலும் என் அபிப்பிராயத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

2

முதல் தொடக்கம்: "அரங்கம் கடல்போல் இரைந்தது. கடைசி விநாடிகள். பந்து—"

(விட்டுவிட்டேன். பாவம் அந்த அரங்கம், எத்தனை பேருக்காகத்தான் கடல்போல் இரையும்.)

இரண்டாம் தொடக்கம்: "பந்து காற்றில் மிதந்துகொண்டிருந்தபோது நடுவர் விசிலை ஊதினார்."

இது எனக்குப் பிடித்திருந்தது. தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். அவன் அப்போது எங்கள் வீட்டின் பின்னறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் கட்டில் போட்டுத் தங்கியிருந்தான். அவன் வீட்டு ஜன்னலில் யாரோ கல்லை விட்டெறிந்திருந்தார்கள். அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"தப்பு" என்றான்.

"எது?"

"பந்து கைய விட்டுக் கிளம்பிட்டா, நான் ஊதினாலும் கூடை செல்லும். நான் ஊதினப்போ பந்து அவன் கையிலதான் இருந்துச்சு. நீ இப்படி எழுதினா எனக்குச் சட்டமே தெரியாதுன்னு ஆயிடும்."

"படிக்க அழகா இருக்குடா."

"உனக்கு அழகு. எனக்கு வேலை போன இடமே அதான்."

ஆகவே அழகில்லாமல் சொல்கிறேன். கடைசி விநாடிகள், ஒரு புள்ளி வித்தியாசம். என் கணவரின் அணி பின்தங்கியிருந்தது, பந்து அவர்கள் கையில். அவர்களுடைய ஆள் கூடைக்கு அடியில் தடுக்க ஆளில்லாமல் எம்பினான். அதே கணத்தில், ஆடுகளத்தின் மறுமூலையில், பந்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், எதிரணிக்காரன் ஒருவன் விழுந்தான். தம்பி ஊதினான். ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றது. எம்பியவன் பந்தைக் கூடைக்குள் போட்டான், அது செல்லாது. மறுபடி பந்தை உள்ளே வாங்கி எறிந்தார்கள், வளையத்தில் பட்டுத் திரும்பியது. அவ்வளவுதான், கோப்பை எதிரணிக்கு. விழுந்தவன் அதற்குள் எழுந்து, கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சிரித்தான்.

விதி என்ன சொல்கிறது? யார் விழுந்தாலும், பந்தை வைத்திருக்கும் அணியின் வாய்ப்பு முடியும்வரை ஊதக் கூடாது. விழுந்தவனுக்கு அந்த நிமிடமே உதவி வேண்டும் என்று நடுவருக்குத் தோன்றினால் மட்டும் ஊதலாம். தம்பிக்குத் தோன்றியது. ஊருக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் கேமராக்கள் எல்லாம் பந்தின்மேல் இருந்தன, விழுந்ததோ நடிகர்.

3

அவனை ரசிகர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேலியாகக் கொடுத்த மரியாதை. என் மகன் வயதுதான் இருக்கும், அதனால் நான் "அவன்" என்றே எழுதுகிறேன்.

யாரும் தொடாமலே விழுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு சரிவான். முதுகால் வழுக்கிக்கொண்டே விளம்பரப் பலகைவரை போவான். விழுந்த பிறகு ஒற்றைக் கண்ணைத் திறந்து, நடுவர் ஊதினாரா என்று பார்ப்பான். லீக் கண்டித்துப் பார்த்தது, எச்சரித்துப் பார்த்தது. அவன் அதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை.

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். நானே இவனைப் படைத்திருந்தால் என் பதிப்பாசிரியர், "அம்மா, கொஞ்சம் நம்புற மாதிரி எழுதுங்க" என்று திருப்பி அனுப்பியிருப்பார். பொய்யாக விழுந்தே பேர் வாங்கியவன் ஒருநாள் நிஜமாக விழுகிறான், ஒருத்தரும் நம்பவில்லை. பாடப்புத்தகத்து நீதிக்கதை. ஆனால் நீதிக்கதையில் அவன் "காப்பாத்துங்க" என்று கத்த வேண்டும். இவன் கத்தவில்லை. யாரும் நம்பாததே அவனுக்கு வேண்டியிருந்தது.

[அடிக்குறிப்பாக இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஆளை அடையாளம் தெரியாமல் மாற்றியிருக்கிறேன். இடக்கைக்காரனா வலக்கைக்காரனா என்று சொல்லமாட்டேன். குட்டையாக்கிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். கூடைப்பந்து, எடுபடவில்லை.]

4

லீக் அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நடிகரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "நடிச்சேன் சார், பழக்கதோஷம்" என்றானாம். மேசையே சிரித்ததாம். அணியின் மருத்துவர், ஆளுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். தம்பியைக் கேட்டார்கள். "விழுந்தான், ஊதினேன்" என்பதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நடுவர் குழுவிலிருந்து பேரை அடித்துவிட்டார்கள்.

தொலைக்காட்சி வர்ணனையாளர் ஒருவர், வாழ்க்கையில் ஒரு தடவைகூட ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடியிருக்கமாட்டார் என்று அவர் தொப்பை சொல்கிறது, அவர் தினமும் அந்த ஆறு விநாடிக் காட்சியைப் போட்டுப் போட்டு—

(இந்த வாக்கியத்தை முடித்தால் கதை திட்டாக மாறிவிடும். போகட்டும்.)

பின்னறைக்குப் போனேன். ஊதுவதற்கு ஆட்டமே இல்லாதவன் தன் சாம்பல் நிற நடுவர் சட்டைகளை வரிசையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நேராகவே கேட்டேன்.

"நீ ஏமாந்தியாடா?"

"இல்ல."

"பின்ன?"

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "நடிக்கிறவன் விழுறப்போ கை முன்னாடி வந்துடும் அக்கா. எப்பேர்ப்பட்ட நடிகனா இருந்தாலும் வரும், மூஞ்சியக் காப்பாத்த. அவனுக்கு வரல. மூஞ்சி நேராத் தரையில போய் மோதிச்சு. நான் ஓடிப்போய்ப் பாக்குறேன், கண்ணு திறந்திருக்கு, ஆளு இல்ல. அப்புறம் திரும்பி வந்தான். வந்ததும் என் சட்டையப் புடிச்சு இழுத்து, 'சார், நடிச்சேன்னு சொல்லிடுங்க. இது மூணாவது தடவ. இதயம்னு தெரிஞ்சா உக்கார வெச்சிடுவாங்க'ன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"ஏண்டா?"

"தரையில கிடக்கிறவன்கிட்ட வேற என்னத்தச் சொல்றது."

"நீ காப்பாத்துறது அவன் பொழப்பைடா, உயிரை இல்ல. போய்ச் சொல்லித் தொலை. உன் வேலையும் திரும்பக் கிடைக்கும்."

"அதனாலதான் முடியல. வேலைக்காகக் கதை கட்டுறான்னு சொல்வாங்க. அவன் இல்லவே இல்லம்பான். டாக்டரும் இல்லம்பாரு. கடைசியில நான்தான் நடிக்கிறேன்னு ஆயிடும்."

பயிற்சி அரங்கின் வண்டி நிறுத்துமிடத்தில் போய் நின்று அவனைப் பார்த்திருக்கிறான் என் தம்பி. மருத்துவரிடம் போகச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான். "இன்னும் ரெண்டு சீசன் சார், அப்புறம் நானே போய் ஆஸ்பத்திரியில படுத்துக்கிறேன்" என்று நடிகர் சொல்லி, தோளில் தட்டி, வண்டியில் ஏறிப் போய்விட்டானாம்.

5

முடிவு அ: நடிகர் தானாகவே மருத்துவரிடம் போகிறான், நோயைச் சொல்கிறான். தம்பி மறுபடியும் ஆடுகளத்துக்கு வருகிறான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது.

(தம்பி படித்துவிட்டு, "நடுவருக்கு எந்த ஊர்ல அக்கா கை தட்டுறாங்க?" என்றான். கைதட்டலை எடுத்தேன். எடுத்த பிறகு முடிவில் மிச்சம் ஒன்றுமில்லை.)

முடிவு ஆ: தம்பி வாக்கை மீறுகிறான். லீக் வேறு மருத்துவரை வைத்துச் சோதிக்கிறது. நடிகர் வீட்டில் உட்கார்ந்து சாகும்வரை என் தம்பியைச் சபிக்கிறான். எழுபது வயதுவரை சபிக்கிறான். எனக்கு இதுதான் வேண்டும்.

பாரம் தாங்காமல் ஒருநாள் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெளியே விடமாட்டார், அது எனக்குத் தெரியும். "அப்ப அந்த விசில் சரிதானா" என்றார். தலையைத் தடவிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது என்றுகூட நினைத்தேன். அப்புறம் சொன்னார்: "இருந்தாலும் ஒரு நொடி பொறுத்து ஊதியிருக்கலாம்."

அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

முடிவு இ: புதிய சீசன். ஏதோ ஓர் ஆட்டம், முக்கியமானதுகூட இல்லை. நடிகர் விழுகிறான். அரங்கம் சிரிக்கிறது. விசில் வேறொருவர் வாயில். என் தம்பிக்கு நேர்ந்தது அவருக்குத் தெரியும். அதனால் பந்தை வைத்திருக்கும் அணியின் வாய்ப்பு முடியட்டும் என்று அவர் காத்தி—

என்னால் முடியவில்லை. தாளைத் திருப்பி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரங்களையே மறுபடியும் கழுவினேன்.

6

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே புதிய சீசன் தொடங்கிவிட்டது. தம்பி எல்லா ஆட்டமும் பார்க்கிறான். உட்காருவதில்லை. கூடத்து மூலையில், தொலைக்காட்சிக்குக் கோணலாக, நின்றுகொண்டே பார்க்கிறான், ஒலியை அணைத்துவிட்டு.

ஞாயிறு மதியம் அவனிடம் எல்லாத் தாள்களையும் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். இந்த முறை எதையும் தப்பு என்று சொல்லவில்லை.

"பத்திரிகைக்குக் குடுக்கப்போறியா?"

"ஆமா. ஆளைத்தான் மாத்தியிருக்கேனே."

"எவ்வளவு மாத்தினாலும், விழுறவன்னா அவன்தான்னு தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்டா. யாராவது இழுத்துட்டுப்போய் டாக்டர்கிட்ட காட்டட்டும்."

"நான் வாக்குக் குடுத்திருக்கேன் அக்கா."

"நான் குடுக்கல."

திரையில் நடிகரின் அணி ஆடிக்கொண்டிருந்தது. பந்து ஒரு முனையில் இருந்தது. தம்பியின் கண் அங்கே இல்லை. மெதுவாகத் திரும்பி ஓடிவந்துகொண்டிருந்த ஒருவனின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பியின் உதடுகள் ஊதுவதற்குக் குவிந்திருந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. இவனை வெளியே அனுப்பிவிட்டு யாரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று கோபமும் வந்தது.

"அவன் ஆடுறவரைக்கும் வேண்டாம்" என்றான். "நிறுத்தினதுக்கு அப்புறம் போட்டுக்க."

"எப்படி நிறுத்தினா?"

"எப்படி நிறுத்தினாலும்."

நானும் சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அவன் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். சொல்லியிருக்கமாட்டீர்கள் என்றால், நீங்கள் என்னைவிட நல்லவர்.

தாள்களைப் பதிப்பாசிரியரிடம் கொடுத்து நிபந்தனையையும் சொல்லிவிட்டேன். அவர் ஆட்டம் பார்ப்பவர், அச்சுக்கு எப்போது அனுப்புவது என்று அவருக்குத் தெரியும். அ, ஆ, இ மூன்றும் மேலே இருக்கின்றன. எது நடந்ததோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நீங்களே அடித்துவிடுங்கள். மூன்றுமே இல்லாமல் வேறு ஒன்று நடந்திருந்தால், ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடைசி வரியை நான் எழுதும்போது அவன் ஆடிக்கொண்டிருக்கிறான். நீங்கள் வாசிக்கும்போது ஆடவில்லை.