கடல் வர நேரமாகும்

மூன்றாவது தெருவின் கடைசி வீட்டுக்குள் யாராவது ஒரு குழந்தைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டினால், பக்கத்துக்கு ஒரு மயிரிழை வீதம் அந்த வீடு உயரும். இதை முதலில் கண்டுபிடித்தவர் மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர். கண்ணுக்கு நேராக இருந்த மீட்டர் மெல்ல மெல்ல நெற்றிக்கு மேலே போய்விட்டதைப் பார்த்து, தனக்குத்தான் கூன் விழுகிறதென்று பயந்து ஒரு வருஷம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார் பாவம். பிறகு கொத்தனாரை அழைத்து வந்து காட்டினார்கள். அவர் சுவரின் அடியைத் தடவிப் பார்த்து, விரிசல் எதுவும் இல்லை, சுவர்தான் கீழ்ப்பக்கமாக வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, வாசலில் ஒரு படி கட்டிக்கொடுத்தார். அதன் பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டு படி கட்டுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டால் தெருவில் எல்லார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரும், அந்த வீட்டுக்குள் மட்டும் வராது. அதில் அக்கம்பக்கத்துக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது, மற்றபடி யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசித்தவள் அந்த வீட்டு அம்மா. சட்டைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பொத்தான் தைத்துவிட்டு ஆறு மணிக்கு வருவாள். முகம் கழுவி, அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு, அது கொதிக்கும் வரை மகளை மடியில் போட்டுக்கொண்டு வாசிப்பாள். குழந்தைக்குத் தலை நிற்காத நாளிலேயே அதை ஆரம்பித்துவிட்டாள். கைக்குழந்தைக்கு என்ன புரியும் என்று கேட்டவர்களிடம், புரியாவிட்டால் என்ன, என் குரலாவது தெரியட்டும் என்றாள். அவள் கணவர் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் வேலை பார்த்தார். லாரி காலியாக வரும், நிறைந்து போகும், அவர் எண்ணை எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். வாயைத் திறக்க வேண்டாத வேலை என்பதற்காகவே அதைத் தேடிப் பிடித்தவர். அவருக்குத் திக்குவாய். பத்து வயதில் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு, மணி அடிக்கும் வரை வெளியே வர முடியாமல் நின்றார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து கடைப் பலகையைக்கூட அவர் வாய்விட்டு வாசித்ததில்லை. மாலையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு மனைவியின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். பல நாள் தாள் தலைகீழாக இருந்ததை அவள் கவனித்தும் சொன்னதில்லை.

மகளுக்கு ஆறு வயதாகும்போது வாசலில் ஒன்பது படிகள் இருந்தன. அந்த வருஷம் அம்மா காய்ச்சலில் படுத்து, பதினொன்றாம் நாள் போய்விட்டாள். வீடு இறங்கத் தொடங்கியது. ஏறியதைப்போல அது பொறுமையாக இறங்கவில்லை. நாற்பது நாளில் முதல் படி மண்ணுக்குள் போனது, அடுத்த மாதம் இன்னொன்று. எடைமேடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு யோசித்து ஒரு காரியம் செய்தார். மனைவி வாசிக்கும்போது ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் கைபேசியில் பதிந்து வைத்திருந்தார். கடலைத் தேடி நடந்து போகும் ஒரு வாத்தின் கதை. மாலை ஆறு மணிக்கு அதை மகளின் பக்கத்தில் வைத்து ஓடவிட்டார். குழந்தை முகம் மலர்ந்து, புத்தகத்தை எடுத்து வந்து, குரலுக்கேற்பப் பக்கத்தைத் திருப்பினாள். நாலாவது பக்கத்தில், வாத்துக்குக் கால் வலிக்காதா என்று கேட்டாள். எப்போதும் அந்த இடத்தில் கேட்பாள், அம்மாவும் நிறுத்திப் பதில் சொல்வாள். குரல் நிற்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அவள் இன்னொரு தடவை உரக்கக் கேட்டுப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடினாள்.

"நான் பேசுறது அம்மாவுக்குக் கேக்கலப்பா."

வீடு இம்மியும் அசையவில்லை. ஆறுதல் கொடுப்பதாக நினைத்து, அம்மா செத்துப்போனதை மகளுக்கு இரண்டாம் தடவை சொல்லியிருக்கிறோம் என்று எடைமேடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பதிவை அவர் அதன்பின் ஒருபோதும் ஓடவிடவில்லை.

அதற்கப்புறம் அவள் புத்தகம் இருந்த அலமாரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. பள்ளிப் புத்தகத்தையும் கடனே என்று புரட்டினாள். மாலை ஆறு மணி ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். மூன்று படிகள்தான் மிச்சம், தெருமட்டத்துக்குக் கீழே போனால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். எடைமேடைக்காரர் வீட்டுக்காகக் கவலைப்படவில்லை, வாடகைக்கு எங்காவது போய்க்கொள்ளலாம். அவள் அம்மா ஆறு வருஷம் ஊட்டி வளர்த்த ஒன்று இந்தப் பிள்ளைக்குள் பட்டுப்போகிறதே, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறோமே என்பதுதான் அவரைத் தின்றது.

ஒருநாள் மாலை உலையை ஏற்றிவிட்டு, வாத்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் வரியைத் தாண்டவே வியர்த்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் 'கடல்' வந்தது. பத்து வயதில் அவரை நிறுத்தி வைத்த அதே சொல். வாய் திறந்தபடி நின்றது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் முட்டியது. மகள் சிரிப்பாள் என்று காத்திருந்தார். அவள் வெகுநேரம் அவர் வாயையே பார்த்தாள். பிறகு, பல மாதத்துக்குப் பிறகு, அவர் முழங்கையில் சாய்ந்துகொண்டாள்.

"அவசரம் இல்லப்பா. தூரமா இருக்குல்ல, கடல் வர நேரமாகும்."

கடல் வந்தது. வீடு ஒரு குலுங்கு குலுங்கி மேலே எழும்பியதில் அடுக்களையில் இரண்டு டம்ளர்கள் உருண்டன. நாலாவது பக்கத்தில் அவள் கேள்வி கேட்டாள். ரொம்ப வலிக்கும், ஆனாலும் நடக்கும் என்று அவர் திக்கித் திக்கிப் பதில் சொன்னார்.

அதன்பின் பன்னிரண்டு வருஷம் அவர் தினமும் வாசித்தார். அம்மா காலத்தில் வழுவழுவென்று ஏறிய வீடு இப்போது குலுங்கிக் குலுங்கி ஏறியது. கண்ணாடிப் பாத்திரங்களை எல்லாம் எடுத்துவிட்டு எவர்சில்வர் வாங்கினார்கள். மகள் தானே வாசிக்கக் கற்றுக்கொண்ட பிறகும் நிறுத்தவில்லை, ஆளுக்கொரு பக்கம் என்று வைத்துக்கொண்டார்கள். அவள் சாப்பிடும்போது வாசித்தாள், நடந்துகொண்டே வாசித்து விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டாள். படித்து, தூர ஊரில் ஆய்வகத்தில் வேலைக்குப் போனாள். அங்கே பேருந்தில் வாசித்துக்கொண்டு போய், இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிடுவதாகத் தொலைபேசியில் சொன்னபோது எடைமேடைக்காரர் கைபேசியை வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியிலேயே ஆளுக்கொரு பக்கம் வாசித்தார்கள். வீடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பதின்மூன்று படியில் நின்றது.

எழுபதாவது வயதில் பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. இத்தனை பாடுபட்டு வாங்கிய பேச்சு. மகள் தன் நாலு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மாலை ஆறு மணிக்கு உலையை ஏற்றிவிட்டு, பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு, முதுகு கிழிந்த வாத்துப் புத்தகத்தோடு அவர் கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுக்குத் திக்கு கிடையாது, தண்ணீர் ஓடுவதுபோல வாசிப்பவள். இரண்டாம் பக்கத்தில் 'கடல்' வந்ததும் நின்றாள். வாய் திறந்தபடி, அவர் நிற்கிற அவ்வளவு நேரமும் நின்று, பிறகுதான் சொன்னாள். தன்னைப் பரிகாசம் செய்கிறாளோ என்று கிழவரின் கண் ஒரு கணம் சுருங்கியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"எனக்கு இத வேற மாதிரி படிக்கத் தெரியாதுப்பா."

பிள்ளை தன் குறையைப் பொறுத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாள் என்றே அவர் நினைத்திருந்தார். இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதார். வீடு குலுங்கி ஏறியது. மூன்று வாரம் வாசித்தாள். இருபத்திரண்டாம் நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. குலுங்கி ஏறியதில் வாசலுக்கும் படிக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தது. அவரைத் தூக்கி இறக்க வசதியாகக் கொத்தனாரின் மகன் அவசர அவசரமாகப் பதினான்காவது படியைக் கட்டினான். ஈரம் காயாத அந்தப் படியில் தூக்கியவர்களின் கால்தடம் அப்படியே பதிந்துவிட்டது. அதைப் பூசி மறைக்க வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, தூர ஊர்ப் பள்ளியில், பேத்தியை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். சரளமாக வாசித்துக்கொண்டு போனவள் ஒரு சொல்லுக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். பிள்ளைகள் சிரிக்கவில்லை, என்ன வரப்போகிறதென்று பார்த்தார்கள். ஆசிரியை அருகில் வந்து மெதுவாக அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தார்.

"தெரியும் டீச்சர்," என்றாள் பேத்தி. "கடல் வர நேரமாகும்."

வகுப்பு முழுவதும் காத்திருந்தது. பேத்தியும் அவள் அம்மாவும் குடியிருக்கும் மாடியில் லிஃப்ட் இப்போதெல்லாம் வாசலுக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிடுகிறது. லிஃப்ட் பழுது பார்ப்பவர் வந்து பார்த்துவிட்டு, லிஃப்டில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லி, ஏறி இறங்க ஒரு மரப்படி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.