கார் சொன்ன தடை

நாளை மாலை ஆங்கிலப் பேச்சு வகுப்பில் நான் பேச வேண்டும். "வசதி உள்ளவர்கள் சொகுசுக் காருக்குப் பணத்தை வாரி இறைக்கலாமா?" என்பது ரெங்கராஜ் சார் கொடுத்த தலைப்பு. ஆங்கிலத்தில் பேச வேண்டும். அதற்கு முன் தமிழில் எழுதிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வியாழக்கிழமை, இறைக்கலாம் என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை அதை அடித்துவிட்டு, கூடாது என்று எழுதினேன். இன்று அப்படி ஒரு காரிலேயே போய்வந்துவிட்டேன். இனியாவது தெளிவு வரும் என்று, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கார் எங்கள் முதலாளி சேவுகன் அண்ணனுடையது. திருக்கோகர்ணத்தில் உள்ள அவருடைய போர்வெல் அலுவலகத்தில் நான் போன் எடுக்கிறேன். காரின் விலையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் டீக்கடையில் ஆளுக்கொரு விலை சொன்னார்கள். எல்லா விலையையும் கேட்டுவிட்டு அண்ணன் சிரிப்பார், மறுக்க மாட்டார்.

ஆனால் ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை என்பார். கீரமங்கலத்தில் அவருடைய தங்கை சொர்ணவல்லி அக்கா இருக்கிறார். அக்காவின் மூத்த மகளுக்குக் காது குத்திய அன்று, இவருடைய பழைய ஜீப் ஆலங்குடியில் நின்றுபோனது. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை, இவருடைய பெரியப்பா மகன் நல்லதம்பியின் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். அதிலிருந்து அண்ணன் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பின்வரிசையில்தான் உட்காருகிறார்.

இன்று இளைய மகளுக்குக் காதுகுத்து. "பத்தரைக்குள்ள வந்துருண்ணே. இந்தத் தடவையும் வரலைன்னா நல்லதம்பி மடிதான். அப்புறம் என்னையக் கொறை சொல்லாதே" என்று அக்கா போனில் சொன்னதை நானும் கேட்டேன்.

"அதுக்குத்தான் பாப்பா, நடுவழியில நிக்காத வண்டியா வாங்குனேன்" என்றார் அண்ணன். அந்த ஜீப்புக்கும் இந்தக் காருக்கும் இடைப்பட்ட விலையில், நிற்காத வண்டி வேறு எதுவுமே இல்லையா என்று எனக்குத் தோன்றியது.

என்னை அழைத்துப் போனதற்கும் காரணம் இருந்தது. "அது இங்கிலீஷ்ல பேசுது. ஜஸ்டின் லாரி ஓட்டுனவன். அவனுக்கு ஹாரன் பாஷைதான் தெரியும். நீதான் படிக்கிறியே, கூட வா."

நான் படிப்பது ஆரம்ப வகுப்பு. அதை நான் சொல்லவில்லை.

அண்ணி சீர்த்தட்டுகளோடு வேனில் முன்னால் போய்விட்டார். புறப்படும் நேரத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய சீர்க் கிடாய் மட்டும் எங்கள் பங்குக்கு வந்தது. பின்சீட்டில் தார்ப்பாய் விரித்து அதை ஏற்றினார்கள். பக்கத்தில் நான். ஏறியதும் ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது, பிறகு விடாமல் கீக் கீக் என்று சத்தம்.

"என்ன பாப்பா சொல்லுது?"

"பெல்ட் போடணுமாம்ணே."

"நீ போட்டுட்டியே?"

"கிடாய் போடலைண்ணே."

ஜஸ்டின் இறங்கி வந்து கிடாய்க்கு பெல்ட் மாட்டினார். சத்தம் நின்றது. கிடாய் என்னைவிட அமைதியாக உட்கார்ந்திருந்தது.

கோயில் வாசலில் பூசை போட்டார்கள். கண் படாமல் இருக்க எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்த கயிற்றை முன்பக்கம் தொங்கவிட்டார்கள். அங்கே இருந்த கண்ணாடி போன்ற ஒரு வட்டத்துக்கு ஐயர் சந்தனம் வைத்துப் பொட்டும் இட்டார். அது பார்க்க நெற்றி மாதிரியேதான் இருந்தது.

ஊரைத் தாண்டுவதற்குள் கார் தானாகவே பிரேக் போட்டது. எதிரே ஒன்றுமில்லை. மறுபடி போட்டது. கிடாய் என் மேல் சாய்ந்தது. பெண் குரல் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது.

"என்னவாம்?"

அப்ஸ்டக்கிள் என்ற சொல்லை எங்களுக்குப் போன வாரம்தான் நடத்தினார்கள். நன்றாக நினைவிருந்தது. அதுதான் தப்பாகப் போனது.

"முன்னால தடை இருக்காம்ணே."

அண்ணன் முகம் மாறிவிட்டது. "தடையா? பாத்தியா ஜஸ்டின், வண்டிக்கே தெரியுது. எவன் கண்ணு பட்டுச்சோ!"

இடைஞ்சல் என்று சொல்லியிருந்தால் இறங்கிப் பார்த்திருப்பார். தடை என்றதும் பரிகாரம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆலங்குடியில் நிறுத்தி, இன்னும் நாலைந்து எலுமிச்சம்பழமும், வேப்பிலை வைத்துக் கட்டிய தடித்த சம்பங்கி மாலையும் வாங்கி முன்னால் கட்டச் சொன்னார். மாலை அசைந்தாடியது. கார் ஓடுவதை விட நிற்பதே அதிகமாகிவிட்டது. வடகாடு தாண்டியதும் ஒரேயடியாக நின்றது. பெண் குரல் மட்டும் களைக்கவில்லை.

"இன்னும் தடைங்குதா?"

"ஆமாண்ணே."

அண்ணன் இறங்கிப் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். அப்போது பூ மூட்டைகளோடு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் யார் என்று அண்ணன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னண்ணே, காத்து வாங்குறீங்களா?" என்றார் நல்லதம்பி. "விசேஷத்துக்கு மல்லி பத்தலைன்னு வடகாட்டுக்கு அனுப்புனாங்க. ஏறுங்க."

"பத்தரை ஆயிருமேடா."

"ஆகட்டுமே. பிள்ளை உக்கார்ற ரெண்டு மடியும் இந்த வண்டியிலதான் இருக்கு. நாம போகாம எங்கிட்டுக் குத்திருவாங்க?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு பின்னால் பூ மூட்டைகளுக்கு நடுவே ஏறினார். நானும் ஏறினேன். ஜஸ்டினும் கிடாயும் காரோடு நின்றார்கள்.

லோடு ஆட்டோ ஒரு தடையும் சொல்லாமல் கீரமங்கலம் போய்ச் சேர்ந்தது. ஆனால் தெரு முனையில் மேளக்காரர்களோடு நின்ற இளைஞர்கள் கையைக் காட்டி மறித்தார்கள்.

"ஏய், வண்டியை அங்கிட்டு ஓரங்கட்டு! தாய்மாமன் கார் வரப்போவுது!"

"தாய்மாமன் இந்தா பின்னாடி இருக்காருய்யா!" என்றார் நல்லதம்பி.

"காலங்காத்தாலயே தண்ணியா? ஓரங்கட்டுண்ணே."

பூ மூட்டைக்குப் பின்னால் இருந்து அண்ணன் எழுந்து நின்றார். தலையில் மல்லி மொட்டுகள், சட்டையில் ஈரம். "நான்தாம்ப்பா சேவுகன்" என்றார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள், பிறகு அவருக்குப் பின்னால் ரோட்டில் கார் வருகிறதா என்று பார்த்தார்கள். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களும் அப்படியே பார்த்தார்கள். அந்தக் காரின் விலை கீரமங்கலம் வரைக்கும் வந்திருந்தது. அவர் முகம்தான் வரவில்லை.

அண்ணன் இறங்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. பின்வரிசைக்கே திரும்பிப் போய்விடுவார் போல இருந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சொர்ணவல்லி அக்கா வந்தார். "மணி என்ன ஆவுது, வண்டியில நின்னு சாமி வரம் குடுக்குற மாதிரி நிக்கிறே! எறங்குண்ணே!"

"காரு நின்னுபோச்சு ஆத்தா."

"நிக்கட்டும். காரு மடியிலயா பிள்ளையை உக்காரவைக்கப் போறேன்?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்ததும், சட்டையில் ஒட்டியிருந்த மல்லிமொட்டை எடுத்து வாயில் போட்டது. அதை அவர் விரல் விட்டு எடுக்கும் நேரத்தில் ஆசாரி குத்திவிட்டார். பிள்ளை வீரிட்டது. பிள்ளையைவிட அண்ணன்தான் கொஞ்சம் அதிகமாக அழுதார்.

அப்போதுதான் வெளியே மேளம் கொட்டியது. ஓடிப்போய்ப் பார்த்தோம். கார் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. பெண்கள் ஆரத்தி எடுத்து முடித்த பிறகுதான் பின்கதவு திறந்தது. கிடாய் இறங்கியது. வாயில் வேப்பிலைக் காம்பு.

"அண்ணே, காத்தாடட்டும்னு இதை எறக்கிவிட்டேன்" என்றார் ஜஸ்டின். "முன்னால கட்டுன மாலையைப் பூராத் தின்னுபுட்டு, எலுமிச்சம்பழத்தையும் அறுத்துப் போட்டுருச்சு. அந்த வட்டத்துல வச்ச சந்தனத்தையும் நக்கிருச்சு. அதுலேர்ந்து வண்டி வாயைத் தொறக்கலை."

எல்லோரும் காரின் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கிடாயைப் பார்த்தேன்.

"அப்ப நாம கட்டுனதைத்தான் தடைன்னு சொல்லிருக்கா?"

"இருக்கலாம்ணே. அந்த வட்டந்தான் அதுக்குக் கண்ணு போல" என்றேன்.

நல்லதம்பி தெருவிலேயே உட்கார்ந்து சிரித்தார். கிடாயை இழுத்துப்போக ஆள் வந்தபோது அண்ணன் மறித்தார். "தடையை எடுத்த கிடாயை வெட்டுனா விளங்குமா? கோழி வாங்குங்க."

மதியம் பந்தியில் முதல் வரிசையில், நல்லதம்பிக்குப் பக்கத்து இலையில் அண்ணன் உட்கார்ந்தார். கார் தெருவில் நின்றது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் அந்த வழியாகப் போனபோது, "கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணே, மறைக்குது" என்று ஒருவர் சொன்னார். அண்ணன் தள்ளிக்கொண்டார்.

அதைப் பார்த்தபோது, கூடாது என்றே பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன். திரும்பும்போது, எங்களோடு வந்த கிடாய்க்கு மறுபடி பெல்ட் மாட்டிவிட்டு இருக்கையில் சாய்ந்தேன். இவ்வளவு மெத்தென்ற ஒன்றில் நான் உட்கார்ந்ததே இல்லை. முடிவு மறுபடி ஆட்டம் கண்டது.

புதுக்கோட்டை நெருங்கும்போது பெண் குரல் மறுபடி பேசியது. அண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"என்ன பாப்பா? தடையா?"

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. இரண்டு முறை கேட்டு, சுற்றிலும் பார்த்து, உறுதி செய்துகொண்டுதான் சொன்னேன்.

"இல்லண்ணே. கிடாய் பெல்ட்டைத் தின்னுருச்சு."